சிங்கப்பெண்ணே, பத்து மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடு

மார்ச் மாதம் என்றால் வங்கிக்காரிக்கு ஆணி எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் இதை எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. ரஹ்மான் ரசிகர்கள், விஜய் ரசிகர்கள், அபார்ட்மெண்ட் செக்ரட்டரிகள் என்று மூன்று தரப்பும் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

இந்த வருஷமும் மகளிர் தினத்துக்கு எங்கள் அபார்ட்மெண்டில் அதே பாட்டு. ஹைதராபாத்தில் எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் இருபதுக்கு மேல். கிளப் ஹவுஸில் ஸ்பீக்கர் வைத்து, எல்லோரும் பிங்க் புடவை கட்டி, 'சிங்கப்பெண்ணே' போட்டு ஆடினோம். தெலுங்கு மாமிகளும் சேர்ந்து ஆடினார்கள். செக்ரட்டரி ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்தார். மாலை ஏழு மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடிந்தது. எட்டரைக்கு ஏன் முடிந்தது? வீட்டில் போய் தோசை சுட வேண்டுமே!

முதலில் பாட்டைப் பற்றி. 2019 ஜூலையில், படம் வருவதற்கு மூன்று மாதம் முன்பே, சிங்கிளாக வந்தது. எழுதியவர் விவேக், இசை ரஹ்மான், பாடியவர்கள் ரஹ்மானும் ஷாஷா திருப்பதியும். 'பிகில்' அந்த வருஷம் தீபாவளிக்கு வந்தது. நான் ரோஜா வந்தபோது எட்டாவது படித்தவள், அந்த கேசட்டைத் தேய்த்தே கொன்றவள். ஆகவே ரஹ்மானைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். பாட்டு அருமையான பாட்டு. கேட்டால் புல்லரிக்கிறது. எனக்கும்தான்.

ஆனால் புல்லரித்து முடிந்தபின் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எழுதியது ஆண். இசை ஆண். பாட்டைத் தூக்கி நிறுத்தும் குரல் ஆண். படத்தில் கால்பந்து ஆடுவது பெண்கள்தான், ஆனால் ஆட வைப்பவர் கோச். கல்யாணமாகி வீட்டுக்குள் இருக்கும் பெண்ணை வெளியே கொண்டுவர, அவள் கணவரிடம் போய்ப் பேசுபவரும் அவர்தான். பருமனான ஒரு பெண்ணுக்கு ரோஷம் வர வேண்டும் என்பதற்காக அவள் உடம்பைச் சொல்லிச் சீண்டுவதும் அவர்தான். (அந்தக் காட்சியில் தியேட்டரே கை தட்டியது. பக்கத்து சீட்டில் என் பெண் தட்டவில்லை.)

எனக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. நம்முடைய பெண் எழுச்சிப் பாட்டுகளில் பெண் எப்போதும் எதையாவது சாதித்தே ஆக வேண்டும். கோல் போட வேண்டும், மெடல் வாங்க வேண்டும், அழுகையை விழுங்க வேண்டும், பிள்ளை பெற்ற கையோடு மலை ஏற வேண்டும். சும்மா நாலு பெண்கள் ராத்திரி வெளியே போனார்கள், சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், திரும்பி வந்தார்கள் என்று ஒரு பாட்டு சொல்லுங்கள் பார்ப்போம். பையன்களுக்கு அப்படி எத்தனை பாட்டு! அவர்கள் சாதிக்கவே வேண்டாம். தோற்றுப் போய் ரோட்டில் படுத்துக்கொண்டால்கூட அதற்கு நாலு நிமிஷப் பாட்டு உண்டு.

அமெரிக்காவில் 1983-இல் சிண்டி லாப்பர் பாடிய ஒரு பாட்டு இருக்கிறது, 'கேர்ள்ஸ் ஜஸ்ட் வாண்ட் டு ஹேவ் ஃபன்'. உங்களில் பலர் அங்கேதான் இருக்கிறீர்கள், கேட்டிருப்பீர்கள். அதை முதலில் எழுதியவர் ராபர்ட் ஹசார்ட் என்ற ஆண். ஒரு பையனின் பார்வையில் இருந்த பாட்டு அது. சிண்டி அதை வாங்கி, வரிகளை மாற்றி, பெண் பாடும் பாட்டாக்கிவிட்டார். வீடியோவில் அம்மாவாக வருவது அவருடைய சொந்த அம்மாவே. நம்ம ஊரில் அந்த மாதிரி வந்தது என்று பார்த்தால் 'மன் கே மஞ்சீரே'. இந்தப் பக்கம் டிவியில் 2000-களின் தொடக்கத்தில் ஓடியது. ஷுபா முத்கல் பாட்டு, பிரசூன் ஜோஷி வரிகள், சாந்தனு மொய்த்ரா இசை. 'பிரேக்த்ரூ' என்ற அமைப்பு கொண்டு வந்தது. மீதா வசிஷ்ட் லாரி ஓட்டுவார், வழியில் பெண்கள் ஏறிக்கொள்வார்கள், ஆட்டமும் பாட்டும்தான். யாரும் அவர்களுக்குக் கோச்சிங் கொடுக்கவில்லை.

நிற்க. பாட்டுக்கும் எனக்கும் உள்ள வாய்க்கால் தகராறு இவ்வளவுதான். உண்மையான கோபம் வேறு. அதற்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டும்.

2024-ஆம் வருஷம். அந்த மார்ச் 8 மகா சிவராத்திரி. மகளிர் தினமும் சிவராத்திரியும் ஒரே நாளில் வந்துவிட்டதால் அபார்ட்மெண்ட் ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். சிவராத்திரி அன்று எங்கள் பிளாக் பெண்கள் ஒன்பது பேர், அறுபத்தெட்டு வயது மாமி ஒருவர் உட்பட, கோவிலில் நாலு கால பூஜைக்கும் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். காலை ஐந்தரைக்கு வீடு திரும்பினோம். வாட்ச்மேன் கும்பிட்டான். ஒரு ஆள் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அப்புறம் மார்ச் 31. ஞாயிற்றுக்கிழமை. நிதியாண்டின் கடைசி நாள் என்பதால் அரசாங்க வரவு செலவு பார்க்கும் வங்கிகளெல்லாம் ஞாயிறன்றும் திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. எங்கள் கிளையில் அன்றிரவு க்ளோசிங் முடிய ஒரு மணி. எங்களிடம் பி.ஓ.வாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண், குளித்தலைப் பக்கத்துக்காரி, இருபத்தாறு வயது. அமீர்பேட் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஒன்றரை மணிக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். வார்டன் அம்மாள் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டைத் திறந்து, "பாவம், சாப்ட்டியா?" என்று கேட்டாள். நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

சரியாக ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 6 சனிக்கிழமை. ரம்ஜான் மாதம். ஹைதராபாத் வந்து ரம்ஜான் இரவில் சார்மினார் பார்க்காவிட்டால் இந்த ஊரில் இருந்ததற்கே அர்த்தமில்லை. இஃப்தாருக்குப் பிறகுதான் லாட் பஜாருக்கு உயிரே வரும். அரக்கு வளையல் கடைகளில் விளக்கு கண்ணைப் பறிக்கும். (அந்த வளையலுக்கு 2024-இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. ஹலீமுக்கு 2010-லேயே கொடுத்துவிட்டார்கள். வயிறு முதலில், கை அப்புறம்!) ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அங்கே பார்த்தால் பெண்கள்தான். புர்கா போட்ட பாட்டி, கல்லூரிப் பெண்கள், இடுப்பில் தூங்கும் குழந்தையோடு பேரம் பேசும் அம்மா. 'அவங்க வீட்ல பொம்பளைங்கள அடக்கி வெச்சிருப்பாங்க' என்று நம் ஆட்கள் டீ குடித்துக்கொண்டே தீர்ப்பு சொல்வார்களே, அவர்களை ஒருநாள் அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

நாங்கள் ஐந்து பேர் போனோம். நான், கிளையில் இன்னும் இரண்டு பேர், பி.ஓ. பெண், எதிர்வீட்டு மாமி. அதே சிவராத்திரி மாமிதான். மாமி ஹலீம் பக்கம் திரும்பவே இல்லை, ஆனால் இரானி டீ மூன்று கப் குடித்தார். கண்ணாடிக் கல் பதித்த வளையலுக்கு அரைமணி நேரம் ஹிந்தியும் தமிழும் கலந்து பேரம் பேசி எண்பது ரூபாய் குறைத்தார். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷத்தில் வீட்டு ஆண் துணை இல்லாமல் இவர் பார்த்த முதல் ராத்திரி இதுவாம், கோவிலைத் தவிர. காரில் வரும்போது சொன்னார். "பயமா இருந்துதா மாமி?"ன்னு கேட்டேன். "பயம் என்னடி பயம், கால்தான் வலிக்கறது" என்றார்.

ஹாஸ்டல் வாசலுக்கு வரும்போது மணி பன்னிரண்டு நாற்பது. ஒன்றரைக்குத் திறந்த அதே கேட் திறக்கவில்லை. ஜன்னலிலிருந்து அதே வார்டன் அம்மாள், "ஊர் சுத்திட்டு வர்றவங்களுக்கு இது சத்திரம் இல்ல" என்று தெலுங்கில் கத்தினாள். நான் ஐ.டி. கார்டைக் காட்டிப் பேசினேன். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் குளித்தலைக்குப் போன் போய்விட்டது, 'உங்க பொண்ணு நடுராத்திரி யாரோடவோ சுத்துது' என்று. யாரோடவோ! நாற்பது வயசு தாண்டிய மூன்று வங்கி அதிகாரிகளும் ஒரு மாமியும்!

அந்தப் பெண் எங்கள் வீட்டு ஹாலில் படுத்தாள். படுத்தாளே தவிர தூங்கவில்லை. காலையில் கண் வீங்கியிருந்தது. "அக்கா, அப்பா ரிசைன் பண்ணச் சொல்லிடுவாருக்கா" என்றாள். இரண்டு வருஷம் கோச்சிங் போய், பிரிலிம்ஸ், மெயின்ஸ், இண்டர்வியூ எல்லாம் தாண்டி வந்த வேலை. வளையலுக்காகப் போகப் பார்த்தது.

திங்கட்கிழமை காலை அவள் அப்பா கிளை வாசலில் கையில் ஒரு பையோடு நின்றார். சென்னை வந்து சார்மினார் எக்ஸ்பிரஸ் பிடித்து வந்திருக்கிறார் (ரயில் பெயரைப் பாருங்கள்!). ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மனுஷர். முரடர் இல்லை. முகத்தில் தூக்கமில்லை, அவ்வளவுதான். கேபினில் உட்காரவைத்து காபி கொடுத்தேன்.

"மேடம், நான் ஒண்ணும் பழைய காலத்து ஆளு இல்லீங்க. பொம்பளப் புள்ளைய படிக்க வெச்சேன். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வேலைக்கு அனுப்பிச்சேன். ஆனா ராத்திரி பன்னெண்டு மணிக்கு அங்க என்னங்க வேலை?"

"வேலை ஒண்ணும் இல்லீங்க. வளையல் வாங்கப் போனோம்."

"அதைத்தாங்க கேக்குறேன். வேலை இல்லாம எதுக்குப் போவணும்?"

"முப்பத்தொண்ணாந் தேதி ராத்திரி ஒன்றரை மணிக்கு ஹாஸ்டலுக்குப் போனாங்க. அன்னிக்கு நீங்க வரலீங்களே?"

"அது பேங்க் வேலைங்க மேடம்."

அவர் பொய் சொல்லவில்லை. மனசில் இருப்பதை அப்படியே சொன்னார். நம் எல்லோர் மனசிலும் அதுதான் இருக்கிறது. ராத்திரியில் பெண் வெளியே போகலாம், யாருக்காவது பயன்பட்டால். சாமிக்காகப் போகலாம். முதலாளிக்காகப் போகலாம். மாமனாருக்கு நெஞ்சுவலி என்றால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஹைடெக் சிட்டியில் ராத்திரி ஷிப்ட் கேப் எத்தனை ஓடுகிறது! அதிலே போகும் நம் வீட்டுப் பெண்ணின் சம்பளத்தில்தானே பலபேர் ஃபிளாட் வாங்கியிருக்கிறோம்? தனக்காகப் போனால் மட்டும் கேட் பூட்டு.

சட்டமே அப்படித்தான் நகர்ந்திருக்கிறது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, மாலை ஏழு மணிக்கு மேல் பெண் தொழிற்சாலையில் வேலை செய்யக்கூடாது என்றது. அந்தத் தடை செல்லாது என்று 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், பெண்ணின் சம்மதத்தோடு இரவு வேலை எந்தத் தொழிலிலும் உண்டு. நல்லது, நான் எதிர்க்கவில்லை. வேலைக்கு அவள் சம்மதம் போதும். வளையல் வாங்க மட்டும் வார்டன், அப்பா, செக்ரட்டரி, வாட்ச்மேன் நாலுபேர் சம்மதம் வேண்டுமா?

அவள் அப்பா கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "இந்த ஊர்ல அந்த டாக்டர் பொண்ணுக்கு என்ன நடந்துச்சுன்னு நாங்களும் டிவில பார்த்தோமுங்க."

அதற்கு மேல் நான் சட்டம் பேசவில்லை. 2019 நவம்பர் 27. ஷம்ஷாபாத் டோல்கேட். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அந்த வாரம் முழுக்க ரங்கமணி தினமும் கிளை வாசலில் வந்து நின்று என்னைக் கூட்டிப் போனார். ஆனால் அந்தக் கால்நடை மருத்துவர் கூத்தடிக்கவா போனார்? டாக்டரிடம் காட்டப் போய்விட்டு, நிறுத்திய ஸ்கூட்டரை எடுக்க வந்தார். மணி ஒன்பது சுமார். 'வேலையாக' வெளியே போனவர்தான். ராத்திரி ஆபத்து என்றால் க்ளோசிங் முடித்து வருபவளுக்கும் ஆபத்து, டீ குடித்து வருபவளுக்கும் ஆபத்து. ஒருத்திக்குக் கார், லெட்டர், "சாப்ட்டியா". இன்னொருத்திக்குப் பூட்டு. இதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது?

அப்போது அரசாங்கம் என்ன செய்தது என்று நினைவிருக்கிறதா? தங்கைக்குப் போன் பண்ணியதற்குப் பதில் 100-க்குப் பண்ணியிருக்கலாம் என்று உள்துறை அமைச்சர் பேசினார். பஸ் கண்டக்டர் பெண்களுக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் டூட்டி வேண்டாம் என்று முதல்வர் கே.சி.ஆர். அறிவித்தார். ஆண்கள் செய்த குற்றத்துக்குப் பெண்களுக்கு வீட்டுக்காவல். பஸ்ஸில் கண்டக்டராக ஒரு பெண் இருந்தால் ஏறும் பெண்ணுக்கு எவ்வளவு தைரியம்! அவளையும் இறக்கிவிட்டால் அந்த பஸ்ஸில் மிச்சம் யார்?

இதே தெலங்கானாவில்தான் பதுகம்மா இருக்கிறது. மகாளய அமாவாசையில் ஆரம்பித்து துர்காஷ்டமி வரை ஒன்பது நாள். தங்கேடு, குனுகு, பந்திப் பூக்களை அடுக்கி நடுவில் வைத்து, பெண்கள் வட்டமாகச் சுற்றிக் கைதட்டி ஆடுவார்கள், தெருவில், ஏரிக்கரையில், ராத்திரி வெகுநேரம் வரை. 2014-இல் அதை மாநில விழாவாக்கினார்கள். 2021 அக்டோபரில் அதற்காக ஒரு சிங்கிள் வந்தது, 'அல்லிபூல வெண்ணெல'. இசை நம்ம ரஹ்மான், இயக்கம் நம்ம கௌதம் மேனன், நடனம் நம்ம பிருந்தா, பாடியது உன்னிகிருஷ்ணன் மகள் உத்தரா, வரிகள் மட்டும் தெலுங்குக் கவிஞர் மிட்டபள்ளி சுரேந்தர். கொண்டு வந்தது அப்போதைய முதல்வரின் மகள் கவிதாவின் தெலங்கானா ஜாக்ருதி. அதாவது, பெண்கள் ராத்திரி தெருவில் கூடி ஆடும் விழாவுக்குப் பாட்டுப் போட்டுக் கொடுத்ததே நம் தமிழ் ஆட்கள்தான். அதில் யாரும் யாரையும் சிங்கமாகச் சொல்லி ஏற்றிவிடவில்லை. பூ, நிலா, கூட்டம், ஆட்டம். எனக்கு சிங்கப்பெண்ணை விட இது பிடித்தது என்று சொன்னால் ரங்கமணி என்னை தெலுங்குக்காரியாகிவிட்டாய் என்கிறார்.

ஆனால் தங்கேடு என்பது என்ன பூ தெரியுமா? நம்ம ஆவாரம்பூ. ஈரோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் பொங்கல் முடிந்து பூப்பறிக்கும் நோம்பி உண்டு. பெண்டு பிள்ளைகள் எல்லாம் கூட்டாகக் கிளம்பி ஆவாரம்பூ பறித்துக்கொண்டு கும்மியடித்து வருவோம். சித்ரா பௌர்ணமிக்கு நிலாச்சோறு. எங்கள் அம்மாயி ஆற்று மணலில் கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்து வைத்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் கதை சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அம்மாயி பள்ளிக்கூடமே போகாதது. பேத்தி பி.காம். படித்து, ஆபீசராகி, கோடிக்கணக்கில் லோன் கையெழுத்துப் போடுகிறாள். ராத்திரி பத்து மணிக்கு வெளியே உட்கார அம்மாயிக்கு இருந்த இடம் பேத்திக்கு இல்லை. இதற்குப் பெயர் முன்னேற்றமா என்று கேட்டால் 'கலாச்சாரம்' என்று பதில் வருகிறது. எந்தக் கலாச்சாரம் சாமி?

அன்று மதியம் அவள் அப்பாவை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனேன். ரங்கமணிதான், "வந்தது வந்தீங்க, சார்மினார் பார்த்துட்டுப் போங்க" என்று ராத்திரி பத்து மணிக்கு எங்கள் எல்லோரையும் காரில் ஏற்றினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார். மனைவிக்கு இரண்டு டஜன் வளையல் வாங்கினார். திரும்பும்போது, "இங்க கூட்டம் இருக்கு, பரவால்லீங்க. திரும்பி வர்ற வழிதாங்க யோசனையா இருக்கு" என்றார்.

அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. ஆனால் அதை மகளிடம் கேட்டு என்ன பயன்? 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் பெண்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் இல்லை. நம்ம ஊரில் 2021 மே மாதமே வந்துவிட்டது. டிக்கெட் இலவசம் சரி, ராத்திரி பதினொன்றுக்கு பஸ்ஸும் வேண்டும், ஸ்டாப்பில் விளக்கும் வேண்டும். மகளை ஊருக்குக் கூட்டிப் போக ரயில் ஏறி வரத் தெரிந்த நாம், அதைக் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறோமா? நானும் எழுதவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெண் ராஜினாமா செய்யவில்லை. ஹாஸ்டலை மட்டும் காலி செய்தாள். இப்போது வேலை உறுதியாகி வேறு கிளையில் இருக்கிறாள். இரண்டு தோழிகளோடு ஒரு சின்ன ஃபிளாட். அப்பா தினமும் ராத்திரி ஒன்பதுக்குப் போன் பண்ணுவது மட்டும் நிற்கவில்லையாம்.

எங்கள் அபார்ட்மெண்டில்தான் புதுக்கதை. இந்த வருஷம் சிங்கப்பெண்ணே ஆடி முடித்த நாலாம் நாள் வாட்ஸப்பில் ஒரு நோட்டீஸ். 'பெண்களின் பாதுகாப்புக் கருதி' இரவு பத்துக்கு மேல் வரும் பெண்கள் வாட்ச்மேனிடம் ரிஜிஸ்டரில் எழுத வேண்டுமாம். ஆண்களுக்குக் கிடையாது. போன வருஷம் பார்க்கிங்கில் குடித்துவிட்டு இரண்டு பைக்கைத் தள்ளிவிட்டவர் ஆண்தான் என்று நான் பதில் போட்டேன். மூன்று பேர் கட்டை விரல் காட்டினார்கள், மூவரும் பெண்கள். செக்ரட்டரி கைகூப்பும் பொம்மை ஒன்று போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

வர்ற சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் ஆர்.டி.சி. கிராஸ் ரோட்ஸில் செகண்ட் ஷோ போகிறோம். மாமிக்கு எழுபதாகிவிட்டது, முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார். ரங்கமணிக்கு மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ரிஜிஸ்டரில் பெயர், ஃபிளாட் நம்பர், நேரம் என்று கட்டம் போட்டு, கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். போன தடவை அதில் 'சும்மா' என்று எழுதினேன். கீழே மாமியும் அதையே எழுதி, கையெழுத்தும் போட்டார்.